மெட்டு ஏறியவர்களின் வரலாறு: போடி மலைப்பாதைகளும் மலைக்குடிசைகளும்

மலை ஏறுவது, மலை மேல் ஒரு குடிசையில் தங்குவது என்றதும் இன்று நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? முதுகில் பை, காலில் கனமான ஷூ, கையில் கேமரா, விடியற்காலையில் மேகத்துக்கு மேலே சூரியன். இந்தப் படம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் 1863ஆம் ஆண்டு ஆல்பைன் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அந்தச் சங்கம் மலையேறுபவர்கள் இரவு தங்குவதற்காகத் தன் முதல் குடிசையைக் கட்டியது. அதன் பிறகு ஆல்ப்ஸ் மலை முழுவதும் நூற்றுக்கணக்கான குடிசைகள் எழுந்தன. அங்கே மலைக்குடிசை என்பது ஆசைப்பட்டு ஏறி வருபவர்களுக்காகக் கட்டப்பட்ட இடம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குடிசைகள் இருந்தன, அவற்றுக்குப் பாதைகளும் இருந்தன. ஆனால் அங்கே ஏறியவர்கள் ஆசைக்காக ஏறவில்லை, கூலிக்காக ஏறினார்கள். இந்தக் கட்டுரையில் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர், ராசிங்காபுரம் பகுதி மலைச்சரிவின் கதையைப் பார்ப்போம். இந்த வேறுபாடு வெறும் பழங்கதை அல்ல. 2018லும் 2020லும் இதே சரிவில் நடந்த இரண்டு தீ விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டு என்றால் என்ன?

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் ராசிங்காபுரம். ஊருக்கு மேற்கே பார்த்தால் சுவர் போல மலை நிற்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலமலை. மலையின் இந்தப் பக்கம் மழை குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு இங்கே வெறும் காற்றாகத்தான் இறங்கும். அதனால் கீழே மானாவாரி நிலம், சரிவில் முள்ளும் புல்லும், உச்சியைத் தாண்டினால் பச்சைக்காடு. ஒரே மலைக்கு இரண்டு முகம்!

இந்தச் சுவரைத் தாண்டும் இடங்களை இந்தப் பகுதி மக்கள் 'மெட்டு' என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்காகச் சொன்னால் போடிமெட்டு, சாக்குலத்துமெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு. இவற்றில் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் இன்று தார்ச்சாலை உண்டு. போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். தேவாரத்துக்கு மேலே உள்ள சாக்குலத்துமெட்டுக்குச் சாலை வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். சாலை இல்லாத இடத்தில் என்ன செய்வது? நடப்பதுதான். மெட்டுகளைத் தவிர, ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் ஒற்றையடிப்பாதையும் மலை மேல் உண்டு.

முதல் குடிசை: முதுவர் சாவடி

இந்த மலைகளில் யார் முதலில் தங்கினார்கள் என்று கேட்டால் முதுவர்களைச் சொல்ல வேண்டும். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள், அதனால்தான் முதுவர் என்ற பெயர் வந்தது என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. இது வரலாற்றுச் சான்று ஆகாது. ஆனாலும் இந்த மலையின் முதல் கதையே சுமை தூக்கி ஏறிய கதையாக இருப்பதைக் கவனியுங்கள்.

முதுவர் குடிகளில் மூங்கிலாலும் நாணலாலும் ஆன வீடுகள் இருந்தன. அவற்றோடு ஒரு சாவடியும் இருக்கும். மணமாகாத இளைஞர்கள் இரவில் அங்கேதான் படுப்பார்கள். வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கும் அங்கேதான் இடம். எனவே 1863ல் ஆல்ப்ஸ் மலையில் முதல் சங்கக் குடிசை கட்டப்படுவதற்கு வெகு காலம் முன்பே நம் மலையில் வழிப்போக்கர் தங்கும் குடிசை இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். கட்டணம்தான் கிடையாது!

ஏலக்காய் ஸ்டோர்

முதுவர்களுக்கு அடுத்து இந்தப் பாதைகளில் ஏறியது கம்பம் பள்ளத்தாக்கு மக்கள். அவர்களை மேலே இழுத்தது ஏலக்காய்.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும். மூன்றும் உச்சியைத் தாண்டினால்தான் கிடைக்கும். மலை திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தம். ஏலக்காய் வாணிபம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அந்த அரசின் ஏகபோகமாக இருந்தது. ஆனால் செடி வளர்த்தவர்களிலும் காய் பறித்தவர்களிலும் பெரும்பாலோர் கிழக்கே கீழிருந்து ஏறி வந்த தமிழர்கள். காரணம் எளிது. திருவிதாங்கூரின் ஊர்களிலிருந்து ஏலமலைக்கு வர பல நாள் காட்டுவழி. போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ காலையில் கிளம்பினால் மாலைக்குள் மேலே போய்விடலாம். ஆட்சி மேற்கே, வயிறு கிழக்கே!

ஏலக்காய்ப் பறிப்பு ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. செடியின் அடியில் தரையை ஒட்டிச் சரங்கள் ஓடும். காய்கள் ஒரே சமயத்தில் முற்றாது. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை, முப்பது நாற்பது நாளுக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். குனிந்தும் குத்தவைத்தும் பறிக்கிற வேலை. அதனால் பெண்களே அதிகம். மழை, குளிர், காலில் அட்டை, சில இடங்களில் யானை, அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வேறு.

பறித்த காயை அப்படியே கீழே கொண்டு வரவும் முடியாது. பச்சைக் காய் கெட்டுவிடும். உடனே உலர்த்த வேண்டும். அதுவும் வெயிலில் உலர்த்தினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். எனவே தோட்டத்திலேயே ஒரு கட்டடம் கட்டி, உள்ளே தகரக் குழாய்களில் விறகுச் சூட்டைச் செலுத்தி, ஒரு நாளுக்கு மேல் மெல்லிய சூட்டில் உலர்த்துவார்கள். இதற்கு ஏலமலையில் 'ஸ்டோர்' என்று பெயர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும்.

ஏலமலையின் மலைக்குடிசை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த ஸ்டோரைத்தான் காட்ட வேண்டும். அதைச் சுற்றித்தான் ஆட்கள் தங்கும் கொட்டகைகள் எழுந்தன. அடிவாரத்து ஊர்களிலிருந்து பருவத்துக்கு ஏறிய குடும்பங்கள் மாதக்கணக்கில் அங்கே கிடந்தன. அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகவோ கழுதை முதுகிலோ மேலே போகும். திரும்பி வரும்போது அதே முதுகில் ஏலக்காய் மூட்டை இறங்கும். போடி ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்தது இப்படித்தான். இன்றும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் போடியும் ஒன்று. மற்றொன்று கேரளத்தின் புற்றடி.

துரைமார்கள் வந்த வழி

1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைக் குத்தகைக்கு வாங்கினார். இவர் திருவிதாங்கூர் அரசில் ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1879ல் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். காபி, சின்கோனா என்று முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். அதுதான் இன்றைய மூணாறு.

இந்தத் துரைமார்கள் மலை ஏறியதும் போடி, கோட்டகுடி, குரங்கணி வழியாகத்தான். முதல் துரைகளும் குடிசையில்தான் தங்கினார்கள். ஆனால் அந்தக் குடிசைக்கு வேண்டிய சாமான்களைச் சுமந்து வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தேயிலை பெருகியதும் தலைச்சுமை போதவில்லை. 1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி அமைத்தார்கள். ஒரு சக்கர வரிசை தண்டவாளத்தில் ஓடும், பக்கத்துச் சக்கரம் தரையில் உருளும், காளை இழுக்கும்! 1908ல் அதை இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றினார்கள். அந்தப் பாதை முடியும் மலை விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கிக்கொண்டு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறங்கின. கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. போடிக்கு ரயில் வந்ததே 1928ல்தான் என்பதால், அதற்கு முன் ரயிலைப் பிடிக்க இன்னும் வெகுதூரம் வண்டி உருள வேண்டியிருந்தது.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். குண்டளை ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் அது திரும்பக் கட்டப்படவேயில்லை. மூணாறின் வாசல் மெல்ல மேற்குப் பக்கம் திரும்பியது.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயிலைப் பெட்டி கம்பியில் பறந்து இறங்கியது. ஆனால் மனிதன் நடந்தேதான் ஏறினான். இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரில் ஒரு சிற்றூர் அந்தச் சரிவில் இருக்கிறது. ரயிலும் இல்லை, கம்பியும் இல்லை, பெயர் மட்டும் ஸ்டேஷன்!

லயமும் ஜீப்பும்

சுதந்திரத்துக்குப் பின் 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று அது சொன்னது. பெரிய தேயிலைத் தோட்டங்களில் வரிசை வீடுகளான லயங்கள் உறுதியாகக் கட்டப்பட்டன. ஆனால் இந்தச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. ஏலத்தோட்டங்களில் சிறியவை ஏராளம். அங்கே தங்குமிடம் என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

1956ல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துக்குப் போயின. ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு மாநிலங்களிலேயே தொடர்ந்தன. வேலை அந்த மாநிலத்தில், வீடும் ரேஷன் கார்டும் ஓட்டும் இந்த மாநிலத்தில். முதுவர் குடியில் சாவடி என்றால் வந்தவனைப் படுக்கவைக்கும் இடம். இப்போது மெட்டு மேல் சாவடி என்றால் வந்தவனை நிறுத்திச் சோதிக்கும் இடம்.

சாலையும் ஜீப்பும் வந்த பிறகு பெரும்பாலோர் மேலே தங்குவதை விட்டுவிட்டார்கள். போடி, சில்லமரத்துப்பட்டி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பகுதிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். இருட்டில் சோறு பொங்கித் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து மெட்டு ஏறுவார்கள். மாலையில் திரும்புவார்கள். தங்கி வேலை செய்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பழைய நடைபாதைகளில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. தினமும் நூறு கால்கள் மிதிக்கும் பாதையில் புல் வளராது. கால்கள் குறைந்தால் புல் மேலே ஏறிவிடும்.

இரண்டு தீ

கோடையில் இந்தக் கிழக்குச் சரிவு காய்ந்த புல்லால் மூடிக்கிடக்கும். தீயின் குணம் ஒன்று உண்டு. சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும். சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து எதிரில் உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். மனிதனோ மேட்டில் மெதுவாகத்தான் ஏற முடியும். தீக்கு மேலே சரிவில் மாட்டிக்கொண்டவன் ஓடித் தப்புவது மிகக் கடினம்.

2018 மார்ச் மாதம் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து இளைஞர்களும் பெண்களும் மலையேற்றத்துக்காகக் குரங்கணி வந்தார்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம்தான் இந்தப் பாதையின் உச்சி. அங்கே ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். நடந்து போவதானால் குரங்கணியிலிருந்து ஏற வேண்டும். மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இறங்கும் வழியில் அவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அன்றும் அதற்குப் பின் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அந்தப் பகுதி மக்கள். காயமடைந்தவர்களைப் போர்வையில் டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சுமந்த அதே முறை, அதே சரிவு. விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. 2024ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கப்பட்டு, முன்பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் மட்டுமே குறிப்பிட்ட பாதைகளில் ஏறும் முறை ஏற்பட்டது. நல்ல மாற்றங்கள். மறுப்பதற்கில்லை.

இரண்டாவது தீ 2020 மார்ச் மாத இறுதி வாரத்தில். கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரம். பேருந்து இல்லை, ஜீப் இல்லை, மெட்டுகளில் சோதனைச் சாவடிகள் அடைக்கப்பட்டன. ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவந்த ராசிங்காபுரம் பகுதியைச் சேர்ந்த சிலர் வீடு திரும்ப வேண்டியிருந்தது. சாலை மூடியதும் அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பாட்டன் பூட்டன் நடந்த ஒற்றையடிப்பாதை. குழந்தைகளோடு இறங்கி வந்தவர்கள் ராசிங்காபுரத்துக்கு மேலே மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உயிரிழந்தார்கள்.

இரண்டும் மார்ச் மாதம். இரண்டும் மேலிருந்து கீழே இறங்கும் வழி. இரண்டும் போடியைச் சுற்றிய ஒரே மலைச்சரிவு. ஆனால் குரங்கணி என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரியும். ராசிங்காபுரம் தீயைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கொரோனாச் செய்திகளுக்கு நடுவே அது ஓரிரு நாளில் கடந்துபோனது.

வரலாறு சொல்வது என்ன?

முதல் தீயில் இறந்தவர்களின் உயிர் பெரிது, இரண்டாவதில் இறந்தவர்களின் உயிர் சிறிது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? மலைப்பாதை என்றதும் நாம் ஆல்ப்ஸ் படத்தையே மனதில் வைத்திருக்கிறோம் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மலையில் நடப்பவர் என்றால் சுற்றுலாப் பயணி. அவருக்கு விதி உண்டு, வழிகாட்டி உண்டு, தீக்காலத்தில் பாதை மூடப்படும். சரிதான். ஆனால் வேலைக்காக நடப்பவருக்குப் பாதையை மூடினால் அவர் எங்கே போவார்? அவர் மலையேற்றக்காரர் இல்லை, எனவே மலையேற்ற விதியில் அவருக்கு இடம் இல்லை. வாகனப் பயணி இல்லை, எனவே சாலைக் கணக்கிலும் இடம் இல்லை. இருநூறு ஆண்டுகளாக இந்தப் பாதைகளை மிதித்துத் திறந்துவைத்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை!

மலைக்குடிசை விஷயத்திலும் இதே கதைதான். தோட்டத்தில் பாதுகாப்பாகத் தங்க ஓர் உறுதியான இடமும், பத்து நாளுக்கு வேண்டிய அரிசியும் இருந்தால், சாலை மூடிய அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் இறங்க வேண்டிய அவசரம் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? ஆல்ப்ஸ் குடிசையின் நோக்கமே இதுதானே: வழி கெட்டால், வானம் கெட்டால், ஒதுங்க ஓர் இடம். பொழுதுபோக்குக்கு ஏறுபவனுக்கு அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தேவை என்று உணர்ந்தார்கள். பிழைப்புக்கு ஏறுபவருக்கு அது இன்னும் அதிகம் தேவை.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். தொழிலாளர் நடந்துபோகும் பாதைகள் எவை என்று ஊர்வாரியாகக் கணக்கெடுக்கலாம். கோடைக்கு முன் அவற்றின் ஓரத்தில் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடலாம். அந்த வேலைக்குப் பாதை தெரிந்த அடிவாரத்து மக்களையும் முதுவர்களையும் அமர்த்தலாம். மேலே தீ தெரிந்தால் கீழே ஊருக்கும், தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக வேண்டும். தீக்கு மாநில எல்லை தெரியாது, தகவலுக்கும் அது தெரியக்கூடாது. சின்ன ஏலத்தோட்டமானாலும் தங்குமிடம் கட்டாயம் என்று இரண்டு மாநில அரசுகளும் பேசி முடிவு செய்யலாம்.

அடுத்த முறை போடிமெட்டு வழியாக மூணாறு போகும்போது, வளைவுகளில் வண்டியை நிறுத்திக் கீழே பள்ளத்தாக்கைப் படம் எடுப்பீர்கள். அப்போது எதிரே உள்ள சரிவையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள் நண்பர்களே. புல்லுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று மேலே ஏறிப் போகும். உங்கள் தேநீரில் மணக்கும் ஏலக்காய் அப்படி ஒரு கோட்டின் வழியாகத்தான் முதலில் இறங்கி வந்தது.